முதல் வாளித் தண்ணீர்

ஊர் ஊராகத் திரிகிற எனக்கு இன்றும் எங்காவது மண்ணெண்ணெய் மணம் அடித்தால், போர்த் தடையால் பெற்றோல் வராத அந்த வருடங்களில் வன்னியில் உடையார்கட்டில் எங்கள் ஏழு குடும்பங்களும் குடித்த கிணறும், அதன் விளிம்பில் நின்று மண்ணெண்ணெயில் ஓடிப் புகை கக்கியபடி மிளகாய்த் தோட்டத்துக்கு இறைத்த நடேசண்ணையின் மிசினும், அதிலிருந்து சொட்டிய எண்ணெய் தண்ணீரில் நிறநிறமாய் விரிந்து கிடந்ததும், தேத்தண்ணீரில்கூட ஏறியிருந்த நாற்றமும் ஒன்றாக நினைவுக்கு வந்துவிடும்.

"வீட்டுக்கு ஒரு பை மிளகாய் தாறன், பொறுத்துக்கொள்ளுங்கோ" என்றார் நடேசண்ணை.

மலையகத்திலிருந்து வந்து குடியேறிய ராக்கம்மாக்கா குடத்தைக் கீழே வைத்தார்.

"மொளகா வேணாண்ணே. மிசின நிறுத்துனதும் மொத வாளிய நீங்க குடிங்க, அப்புறம் நாங்க அள்ளுறோம்."

"ஓம், குடிக்கிறன். இதென்ன நஞ்சே?"

இரண்டு நாள் மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தார். மிசினைத் தள்ளி வைக்க நீளக் குழாய் எங்குமே கிடைக்காது என்று அதுவரை சொல்லிவந்தவர், மூன்றாம் நாள் எங்கிருந்தோ ஒன்றைக் கொண்டுவந்து, கிணற்றுக்குத் தொலைவில் நின்ற பூவரச மரத்தடிக்கு மிசினை நகர்த்தி, சொட்டும் எண்ணெய் ஊற அதன் கீழே மணலும் கொட்டினார்.

தண்ணீர் தெளிந்த பிறகும் ராக்கம்மாக்கா விடவில்லை. முதல் வாளியை அவரிடமே நீட்டுவார். அவர் குடித்து வாயைத் துடைத்த பிறகுதான் நாங்கள் குடங்களை நிரப்புவோம்.