பதின்மூன்று அநாதைகளும் ஒரு மயிலும்

முப்பத்தாறாவது வயதில், இரண்டு செக்‌ஷன் பிள்ளைகளுக்கு வரலாறு சொல்லிக்கொடுத்துச் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்த காலத்தில், நான் உத்திரமேரூர் மாஜாங் கழகத்தின் தலைவராக இருந்தேன். என்னையும் சேர்த்துக் கழகத்தில் பன்னிரண்டு உறுப்பினர்கள். மற்ற பதினோரு பேரும் என் கற்பனை. கழகத்திடம் மாஜாங் செட் கிடையாது. தலைவருக்கு ஆடத் தெரியாது.

ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் இந்த ஊர்க்காரர்கள் சபைக்கு ஆள் எடுக்க, யார் யார் லாயக்கில்லை என்பதைக் கோயில் சுவரில் வெட்டிவைத்துவிட்டு, குடத்தில் ஓலையைப் போட்டுக் குலுக்கி எடுத்தார்கள். நான் அதை வருஷா வருஷம் பிளாக்போர்டில் எழுதிப் போட்டேன். சாயங்காலம் பஸ் ஸ்டாண்டு பக்கத்து பிரௌசிங் சென்டருக்குப் போய், குடமும் இல்லாமல் ஓலையும் இல்லாமல் என்னை நானே தேர்ந்தெடுத்துக்கொண்டேன்.

எல்லாம் அனிமே செய்த வேலை. பரீட்சைப் பேப்பர் திருத்தும்போது துணைக்கு ஓடட்டும் என்று டிவியில் ஜப்பான் பொம்மைப் படம் ஒன்றை வைக்கப் போய், பேப்பர் துணைக்கு ஆகிவிட்டது. அப்புறம் மெட்ராசிலிருந்து சி.டி. வரவழைத்துப் பார்க்கிற அளவுக்கு முற்றியது. அப்படி வந்த ஒரு தொடரில் நாலு பேர் உட்கார்ந்து மாஜாங் ஆடினார்கள். சீட்டுக்குப் பதில் சோப்புத் துண்டு போன்ற காய்கள், நூற்று முப்பத்தாறு. நாயகன் ஒரு காயை எடுத்து வைக்க அரை மணி நேரம் ஆகும். மூடிய அறைக்குள் காற்றடிக்கும். எதிராளியின் நெற்றியில் ஒரே ஒரு வியர்வைத் துளி இறங்கும். நான் சோற்றுத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு கை காய்ந்துபோக உட்கார்ந்திருப்பேன்.

இணையத்தில் அனிமே பார்க்கிற தமிழர்கள் கூடுகிற மன்றம் ஒன்று இருந்தது. அதில் நான் என்ன எழுதினாலும் ஒருத்தரும் பதில் போட மாட்டார்கள். ஒருநாள் யாரோ, “இங்கே மாஜாங் ஆடத் தெரிந்தவர் உண்டா?” என்று கேட்டார்கள். “எங்கள் ஊரில் வாராவாரம் ஆடுகிறோம்” என்று எழுதினேன். ஒரு வரிதான். மறுநாள் போய்ப் பார்த்தால் பதினேழு பதில். அட்டெண்டன்ஸ் எடுக்காமலே என் பேச்சைக் கேட்க வந்த முதல் கூட்டம் அது. அதை எப்படி விடுவது? வாராவாரம் ஆட்ட விவரம் எழுதினேன். பத்து வருஷமாக ஆட்டப் பலகையில் வாய் திறக்காத ‘மௌனப் புலி’யைப் பிறப்பித்தேன். கையில் தழும்புள்ள ‘செய்யாற்றுச் சூறாவளி’ என்கிற முரடனை உண்டாக்கினேன். ஒரு வாரம் சூறாவளி புலியை அடித்தது. மறுவாரம் இரண்டையும் தலைவர் அடித்தார்.

இப்படி எட்டு மாதம் ஓடிய பிறகு தாம்பரத்திலிருந்து ஒருவர் எழுதினார். கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. ஆயுத பூஜைக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை பைக்கில் வருகிறாராம். கழகத்தோடு ஆடிப் பார்த்துவிட்டு மன்றத்தில் எழுதுகிறாராம். மன்றமே கைதட்டியது.

எனக்கு மூன்று வாரம் இருந்தது. உண்மையை எழுதிவிட்டு மறுபடியும் யாரும் பதில் போடாத ஆளாவதா, கழகத்தைக் கட்டுவதா? கட்டுவது என்று முடிவு செய்து பர்மா பஜாருக்கு பஸ் ஏறினேன்.

ஏழு கடையில் கைவிரித்தார்கள். எட்டாவது கடைக்காரர் பரணிலிருந்து ஒரு பச்சைப் பெட்டியை இறக்கினார். “டாமினோ சார் இது. பெரிய சைஸ்.” திறந்து பார்த்தேன். மாஜாங்தான். என் முகம் மலர்ந்ததை அவர் கவனித்துவிட்டதால் பேரம் அத்தோடு முடிந்தது. திரும்பி வரும்போது பெட்டியைக் காலால் நகர்த்தப் பார்த்த கண்டக்டர், “இன்னா சார், செங்கல்லா?” என்றார். “கொஞ்சம் கல்தான்” என்றேன். லக்கேஜ் டிக்கெட் கிழித்தார்.

பெட்டியைப் பார்த்ததும் மனைவி கேட்டது, “ஏங்க, இந்த சோப்பெல்லாம் எந்தக் கம்பெனி?”

நடந்ததைச் சொன்னேன். கடைசிவரை அமைதியாகக் கேட்டாள்.

“பொய் சொன்னது நீங்க. ஆடறது நானா?”

“நீதான் சூறாவளி.”

“ஆம்பிளைன்னு எழுதிட்டு?”

“தழும்புகூட இருக்கு.”

“அது கீது” என்று முழங்கையைக் காட்டினாள். அப்பளம் பொரிக்கும்போது எண்ணெய் பட்ட இடம். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

மௌனப் புலிக்கு எங்கள் வீட்டுக்காரர் பாயைப் பிடித்தேன். கீழே இரும்புக் கடை, மேலே எங்கள் போர்ஷன். பாய் தூக்கத்தில்கூடப் பேசுவார் என்று அவர் வீட்டிலேயே சொல்வார்கள். “காசு வெச்சி ஆடறதா இருந்தா நான் வரல வாத்தியாரே. சும்மான்னா ஓகே. கேரம்ல நான் டவுன் சாம்பியன் தெரியுமில்ல? அந்தக் காலத்துல...” என்று ஆரம்பித்தவரை நிறுத்த அரை மணி நேரமானது. மேஜைக்குப் பதிலாக அவருடைய கேரம் போர்டையே கொண்டுவந்தார். சட்டம் உயரமாக இருந்ததால் காய்களை அணைத்து நிறுத்த வசதி. நாலு மூலையிலும் ஓட்டை என்பது மட்டும்தான் குறை.

பிரௌசிங் சென்டரில் நாற்பது பக்கம் பிரிண்ட் எடுத்த விதிமுறைகளை வைத்துக்கொண்டு இருவருக்கும் வகுப்பு எடுத்தேன். காற்றுக்காய், டிராகன் காய், மூங்கில் வரிசை, அதன் தத்துவம். ஏழாம் பக்கம் வரும்போது மனைவி கொட்டாவியை முடித்துக்கொண்டு கேட்டாள்.

“இது ரம்மிதான?”

“ரம்மி இல்லை. இது நூறு வருஷத்துக்கு மேலான...”

“பதிமூணு கையில. ஒண்ணு எடுத்து ஒண்ணு போடணும். மூணு மூணா சேர்க்கணும். கடைசில ஒரு ஜோடி. ரம்மிதாங்க. ஜோக்கர் எது?”

“ஜோக்கர் கிடையாது.”

“அப்ப இன்னும் ஈஸி.”

அவள் பிறந்தது காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுத்தறிக் குடும்பம். அவர்கள் வீட்டுக் கல்யாணங்களில் கடைசிப் பந்தி எழுந்ததும் ஜமக்காளம் விரித்து ரம்மி ஆரம்பிப்பார்கள், மாப்பிள்ளை தாலி கட்ட மட்டும் எழுந்து போவார் என்று நான் சொல்வது வழக்கம். அன்றைக்கு முதல் ஐந்து ஆட்டத்தில் மூன்றை அவள் எடுத்தாள். இரண்டு பாய்க்கு. நான் விதிமுறையின் பன்னிரண்டாம் பக்கத்தை எடுத்தேன்.

எனக்கு அதில் வருத்தமில்லை. என் கண் சில்லறை வெற்றிகளில் இல்லை. இந்த ஆட்டத்தில் ‘பதின்மூன்று அநாதைகள்’ என்று ஒரு கை உண்டு. ஒன்றோடொன்று சேராத பதின்மூன்று வகைக் காய்களிலும் ஒன்றாவது சேர்க்க வேண்டும். அதில் எதுவாவது ஒன்று ஜோடியாக இருக்க வேண்டும். அபூர்வம். அனிமே நாயகன் அதைக் கடைசி அத்தியாயத்தில்தான் எடுப்பான். மூன்று வாரமும் நான் அதையே குறிவைத்தேன், ஒரு தடவையும் வரவில்லை. சாப்பிடும்போது அதைப் பற்றிப் பேசினேன். குளிக்கும்போது அந்தப் பதின்மூன்றையும் உரக்க ஒப்பித்தேன். மனைவிக்கே மனப்பாடமாகிவிட்டது.

ஆயுத பூஜை வந்தது. நான் பள்ளிக்கூடத்துப் பூஜையை முடித்து, பொரிப் பொட்டலத்தோடு வீட்டுக்கு வந்தேன். சாமி படத்துக்கு முன்னால் தையல் மிஷின், மிக்ஸி, அரிவாள்மனை, என் சிவப்புப் பேனா. அதற்குப் பக்கத்தில் கோலத்தின் மேல் நூற்று முப்பத்தாறு மாஜாங் காய்களும் குப்புறப் படுத்திருந்தன. ஒவ்வொன்றின் முதுகிலும் சந்தனம், குங்குமம்.

“என்ன பண்ணி வெச்சிருக்கே?”

“மூணு வாரமா சாக்பீஸவிட இதத்தான அதிகமா தொட்டீங்க? இதான உங்க ஆயுதம்?”

“அதுக்காக நூத்திமுப்பத்தாறுக்கும் வெப்பியா?”

“ஒண்ணுக்கு வெச்சி ஒண்ணுக்கு வெக்காம வுடலாமா? படம் அழிஞ்சிடும்னு முதுகுலதான் வெச்சிகீறேன்.”

ஈரத்துணியால் துடைத்தேன். தேங்காய் எண்ணெய் போட்டுத் துடைத்தேன். சந்தனம் போனது. குங்குமம் மட்டும் வெள்ளை பிளாஸ்டிக்கில் இறங்கி, மெல்லிய ரோஸ் கறையாக நின்றது. ட்யூப் லைட்டில் பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. தெரிந்தால்தான் என்ன, எல்லாக் காயிலும்தானே இருக்கிறது, பள்ளிக்கூட யூனிஃபார்ம் மாதிரி ஒரே சீராக என்று சமாதானம் செய்துகொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பத்தரைக்குத் தாம்பரத்துக்காரர் வந்தார். இருபத்தைந்து வயதிருக்கும். கனத்த உடம்பு, மென்மையான குரல். செருப்பை வாசலில் ஒழுங்காகச் சேர்த்து விட்டுவிட்டு, என்னை இரண்டு கையாலும் கும்பிட்டார்.

“இவர்தான் மௌனப் புலி” என்றேன்.

“வா தம்பி, உக்காரு. பைக்லயா வந்தே? செங்கல்பட்டு ரோடு எப்டி கீது? நாஷ்டா ஆச்சா? பேஜாரான ரோடு அது, போன மாசம் எங்க மச்சான்...” என்றது மௌனப் புலி.

பாயின் காலை நன்றாக மிதித்தேன். புலி நிறுத்தியது.

“சூறாவளி?” என்று அவர் சுற்றும் முற்றும் பார்த்தார். சமையலறையிலிருந்து புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு வந்த என் மனைவி முழங்கையைத் திருப்பிக் காட்டினாள். அவர் ஒரு நிமிஷம் அதையே பார்த்துவிட்டு, அவளையும் கும்பிட்டார்.

“மீதி ஒன்பது பேர் சார்?”

நான் வாயைத் திறப்பதற்குள் பாய் முந்திக்கொண்டார். “கல்யாணத்துக்குப் போயிகீறாங்க தம்பி. எல்லாம் ஒரே கல்யாணம்.”

“புரட்டாசியில கல்யாணமாங்க?”

பாய் ஒரே ஒரு நொடிதான் தயங்கினார். “எங்க ஆளுங்க கல்யாணம். எங்க வூட்டுக் கல்யாணம்தான்.”

“அப்ப நீங்க போகலியா?”

“கோவம்” என்றார் பாய். அன்று அவர் சொன்னதிலேயே சின்னப் பதில் அதுதான்.

ஜன்னல் ஓரம் கேரம் போர்டைப் போட்டு உட்கார்ந்தோம். நல்ல வெயில். முதல் ஆட்டம் மனைவிக்கு. இரண்டாவது அவளுக்கே. மூன்றாவது பாய்க்கு. வந்தவர் அசந்துபோய்விட்டார். எந்தக் காய் யாரிடம் இருக்கிறது என்று முன்கூட்டியே தெரிந்த மாதிரி இருவரும் ஆடினார்கள். என் பயிற்சி இவ்வளவு வேலை செய்திருக்கிறதா என்று எனக்கே ஆச்சரியம். நான் காய்களைப் பார்க்கவில்லை. அனிமே நாயகன் எதிராளியின் கண்களைத்தான் பார்ப்பான். நானும் மூன்று பேர் கண்களையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டு, ஒரு ஆட்டம்கூட எடுக்காமல் இருந்தேன். தலைவர் என்கிற மரியாதை மெல்லக் கரைந்துகொண்டிருந்தது. தாம்பரத்துக்காரர் ஒருமுறை, “சார், உடம்பு சரியில்லையா?” என்று கேட்டார்.

மணி ஒன்றரை. இன்னும் ஒரே ஆட்டம், அப்புறம் சாப்பாடு என்று மனைவி சொல்லிவிட்டாள். கடைசி ஆட்டத்துக்குக் காய்களை எடுத்து நிறுத்தினேன். ஒன்றோடொன்று சேராத காய்கள். அடுத்து எடுத்ததும் அப்படியே. அதற்கடுத்ததும். பன்னிரண்டு வகை வந்துவிட்டது. ஒரு ஜோடியும் அமைந்துவிட்டது. பாக்கி ஒன்றே ஒன்று: பறவை படம் போட்ட மூங்கில் காய். அதை எங்கள் வீட்டில் மயில் என்று சொல்வோம்.

கண்களைப் பார்த்தேன். பாய் கூரையைப் பார்த்தார். மனைவி சமையலறைப் பக்கம் பார்த்தாள், குழம்பு கொதிக்கிற சத்தம். தாம்பரத்துக்காரர் ஒரு காயைத் தொடுவதும் விடுவதுமாக இருந்தார். அவர் நெற்றியில், சத்தியமாக, ஒரு வியர்வைத் துளி இறங்கியது. பயந்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன்.

“ம், இந்தாங்க” என்று மனைவி ஒரு காயைப் போட்டாள். மயில்.

“ரோன்!” என்று கத்தினேன். அடுத்தவர் போட்ட காயால் ஆட்டத்தை முடிக்கும்போது அப்படித்தான் கத்த வேண்டும். மயிலை எடுத்து, எட்டு மாதம் எழுதிய அத்தனை பொய்க்கும் சேர்த்து ஓங்கி வைத்தேன். போர்டில் பழைய பவுடர் மிச்சமிருந்தது. மயில் வழுக்கிக்கொண்டு போய் மூலைப் பாக்கெட்டில் விழுந்தது.

“ரெட்டு போட்டுட்டீங்க வாத்தியாரே” என்றார் பாய். “ஃபாலோ எங்க?”

தாம்பரத்துக்காரர் எழுந்து நின்று கைதட்டினார். வலை போட்ட பாக்கெட்டுக்குள் கையை விட்டு மயிலைத் தேடி எடுத்து என்னிடம் பயபக்தியோடு கொடுத்தார். கத்தரிக்காய்க் காரக்குழம்பு இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார். மூன்று மணிக்குக் கிளம்பினார்.

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டதும் நேரே பிரௌசிங் சென்டர். மன்றத்தில் அவர் எழுதியிருந்தார்: “கழகம் உண்மை. சூறாவளியின் தழும்பு உண்மை. தலைவர் பதின்மூன்று அநாதைகள் எடுத்ததை இரண்டு கண்ணாலும் பார்த்தேன்.” அதற்குக் கீழே ஐம்பத்திரண்டு பதில். பிரிண்ட் எடுத்துக்கொண்டு வந்து மனைவிக்கு முழுதும் வாசித்துக் காட்டினேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

“விதின்னு ஒண்ணு இருக்கு பாத்தியா? சரியா அந்த நேரத்துல உன் கையிலேர்ந்து மயில் விழுது.”

“எங்க விழுந்திச்சி? நான்தான் போட்டேன்.”

“தெரிஞ்சேவா?”

“பின்ன? குழம்பு அடிபிடிக்கறாப்ல கீது, நீங்க எழுந்திருக்கறதா தெரியல.” கீரைத் தண்டை ஒடித்தாள். “வேல் மாதிரி கீற காய்க்குப் பட்டை போட்டேன். சக்கரத்துக்கு நாமம். ஒண்ணுமே எழுதாம மூளியா கீற காய்க்கு, பாவம்னு நாலு பொட்டு. மயிலு முருகனோடதாச்சே, அதுக்குப் பெரிய பொட்டு. மத்ததுக்கும் ஒவ்வொண்ணுக்கும் ஒரு தினுசு. உங்க கையில எல்லாமே நின்னுக்கினு கீது, பெரிய பொட்டு மட்டும் இல்ல. நீங்கதான் குளிக்கும்போது கத்துவீங்களே, அந்தக் கைதான்னு தெரிஞ்சிபோச்சி. என்கிட்ட ரெண்டு மயிலு இருந்திச்சி.”

நான் பெட்டியைத் திறந்து ஒரு காயை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். முதுகில் அழகாக, ரோஸ் நிறத்தில், நாமம்.

“பாய்க்கும் தெரியுமா?”

“ரெண்டாவது ஆட்டத்துலயே. அவருதான் எனக்குக் கண்ணு காட்டினாரு, போட்டுடு தங்கச்சின்னு.”

நான் பிரிண்ட்டை மடித்தேன். “போகட்டும். அந்தத் தம்பிக்குத் தெரியாதவரைக்கும் நல்லது.”

மனைவி கீரையை முறத்தில் போட்டு ஒரு உதறு உதறினாள்.

“அது கை கழுவும்போதே சொல்லிச்சிங்க. ‘என்கிட்டயும் ஒரு மயில் இருந்துச்சுக்கா, சாருக்கு நான் போடறதா நீங்க போடறதான்னு தெரியாமதான் வேர்த்துப்போய் உக்காந்திருந்தேன்’னு.”