நான் கேட்ட பட்டன் டயர்

டயர் கடையில் காத்திருப்பதைப் போல அலுப்பான வேலை எனக்கு வேறு தெரியாது. போன மாதம் வேலூரில் என் பழைய காருக்கு நாலு டயரும் மாற்றப் போயிருந்தேன். அலுவலகத்துக்கு அரைநாள் லீவு சொல்லிவிட்டு, ரப்பர் நாற்றத்தில் தலைவலியோடு உட்கார்ந்திருந்தேன். கடைக்காரர் வந்து, ஒரு சைஸ் பெரிதாகப் போட்டால் வண்டி எடுப்பாக இருக்கும், போடட்டுமா என்றார். வேண்டாம் என்றேன். கொஞ்சம் உரக்கச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது, உள்ளே வேலை செய்துகொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவருக்குக் காரணம் சொல்ல ஆரம்பித்தால் ஜவ்வாது மலை ஏறி இறங்க வேண்டும். அதற்கெல்லாம் எனக்குத் தெம்பில்லை. இருக்கிற அளவையே போடுங்கள் என்று சொல்லிவிட்டு மறுபடி உட்கார்ந்துகொண்டேன்.

எனக்கு ஏழு வயதாகியும் காது குத்தாமல் மூளியாகவே இருந்தது. காரணம் என் மாமாவின் கார்.

மாமா அம்மாவுக்குத் தம்பி. பெங்களூரில் பணக்காரர்களின் கார்களுக்கு வீலும் டயரும் மாற்றுகிற பட்டறையில் வேலை. எங்கேயோ மோதி நசுங்கி வந்த ஒரு சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார், சொந்தக்காரர் திரும்பியே பார்க்காமல், பட்டறை மூலையில் கிடந்திருக்கிறது. இடத்தை அடைக்கிறதே என்று முதலாளி அதை மாமாவுக்குக் கொடுத்துவிட்டார். இரண்டே கதவு, இரண்டே சீட்டு. நாலு வருடம் ஞாயிற்றுக்கிழமைகளைக் கொட்டி மாமா அதற்கு உயிர் கொடுத்தார். அந்தக் காரில் மலையேறி வந்துதான் அக்கா மகளை மடியில் உட்கார வைத்துக் காது குத்துவேன் என்று சொல்லியும் விட்டார். பள்ளிக்கூடத்தில் என்னை மூளிக்காது என்று கூப்பிட்டார்கள். மாமா கார் வரும், பாருங்கள் என்று நான் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஜமுனாமரத்தூரைத் தாண்டி எங்கள் ஊர்ப் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. காது குத்த மடி கொடுத்த தாய்மாமன், சபையில் எழுந்து ஒன்றைக் கேட்கலாம். வீட்டுக்காரன் மறுக்கக் கூடாது. பெரும்பாலும் ஒரு ஆட்டுக்குட்டியையோ ஒரு மூட்டை சாமையையோ கேட்டுச் சிரித்துவிட்டுப் போவார்கள். என் மாமா ஆட்டுக்குட்டி கேட்கப் போவதில்லை என்று ஊருக்கே தெரியும். அவர் கேட்கப் போவது எங்கள் வீட்டிலேயே இருந்த அத்தையை, அப்பாவின் தங்கையை. அத்தைக்கும் தெரியும். அந்த மாதம் முழுக்க அவள் எனக்குத் தலை வாரும்போது முணுமுணுவென்று எதையோ பாடிக்கொண்டே வாரினாள்.

அப்பாவுக்கும் தெரியும். அப்பா ஷேர் ஜீப் ஓட்டிக்கொண்டிருந்தார். ஜீப் ஜமுனாமரத்தூரில் ஒருவருடையது. அந்த முதலாளி தன் மகனுக்கு அத்தையைக் கேட்டிருந்தார், அப்பாவும் தலையாட்டிவிட்டு வந்திருந்தார். இல்லையென்றால் ஜீப் சாவி கைமாறிவிடும். இதெல்லாம் நான் பிற்பாடு கூட்டிப் பார்த்துத் தெரிந்துகொண்டது. அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம் சிவப்புக் காரில் கோயிலுக்குப் போகப் போகிறேன் என்பது ஒன்றுதான்.

வெள்ளிக்கிழமை காலையில் காதுகுத்து. புதன்கிழமை மாமா செங்கத்தைத் தாண்டி மலையடிவாரத்துக்கு வரும்போது, ஒரு சிறுபாலத்தின் உடைந்த விளிம்பில் கார் ஏறி இறங்கியது. அந்தக் காரின் டயர்கள் தோசை போல மெல்லிசு. இடது பக்கம் இரண்டும் வெடித்து, வீல்களும் கோணிக்கொண்டன. சேதி வந்து வியாழக்கிழமை அப்பா ஜீப்பை எடுத்துக்கொண்டு போனார். எனக்கு வளையல் வாங்க வேண்டுமென்று என்னையும் ஏற்றிக்கொண்டார்.

கார் ஒரு புளியமரத்தடியில் கால் சுளுக்கிய பிள்ளை மாதிரி ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. மாமா பக்கத்தில் கல்லின் மேல் உட்கார்ந்திருந்தார். இரவெல்லாம் தூங்காத முகம். என்னைப் பார்த்ததும் சிரித்தார். காரை இங்கேயே விட்டுவிட்டு ஜீப்பில் வந்துவிடச் சொல்லி அப்பா ஒருமுறை கூப்பிட்டார். கார் இல்லாமல் வர மாட்டேன் என்றார் மாமா. அப்பா இரண்டாம் முறை கூப்பிடவில்லை.

செங்கத்தில் பழைய வண்டிச் சாமான் கடைகளில் ஏறி இறங்கினோம். ஜீப் வீலுக்கு ஐந்து ஓட்டை, மாமாவின் காருக்கு நாலு. நாலு ஓட்டை இருந்தால் ஓட்டைகளுக்கு நடுவே இருக்கும் இடைவெளி ஒத்துவராது. அது ஒத்துவந்தால் நடு வட்டம் சிறிதாக இருக்கும். மாமா ஒரு ஸ்கேலை வைத்துக்கொண்டு ஒவ்வொரு வீலாக அளந்து அளந்து கீழே போட்டார். வெயிலில் எனக்குக் கால் வலித்தது. மத்தியானத்துக்கு மேல் கடைசிக் கடையில் நாலு நாலாக இரண்டு செட் தேறியது. ஒன்று, துருப் பிடித்த இரும்பு வீல், ஒல்லி டயர். அளவு கச்சிதம், ஆனால் பார்க்கப் பால் வண்டி போல இருக்கும். இன்னொன்று, நட்சத்திரம் போல மின்னுகிற அலாய் வீல், அதில் பட்டன் பட்டனாகப் புடைத்த பெரிய டயர்.

மாமா இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். பெரியதைப் போட்டால் திருப்பத்தில் மட்கார்டில் உரசும் என்று அவரே சொன்னார். இரும்பு வீலை எடுத்து வைக்கச் சொல்லவும் போனார். அப்போதுதான் அப்பா என்னை ஓரமாகக் கூட்டிப்போய்க் குனிந்தார்.

“அந்தப் பெரிய பட்டன் டயருதான் வேணும்னு மாமன்கிட்ட கேளு. நான் சொன்னேன்னு சொல்லாத.”

அப்பாவுக்கும் எனக்கும் நடுவே ஒரு ரகசியம் என்பது அதற்கு முன் இருந்ததே இல்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. ஓடிப்போய் மாமாவின் சட்டையைப் பிடித்து இழுத்துக் கேட்டேன், காலை உதைத்து அடம்கூடப் பிடித்தேன். மாமா பெருமூச்சு விட்டார். அவருக்கும் நாலு வருட உழைப்புக்குப் பால் வண்டிச் சக்கரம் மாட்ட மனசில்லை. கொஞ்சம் தட்டிவிட்டால் சரியாகிவிடும் என்று தனக்கே சொல்லிக்கொண்டு பெரியதை எடுத்தார்.

புளியமரத்தடியில் ஜாக்கி வைத்து நாலையும் மாட்டினார். உள்ளே இருந்த பிளாஸ்டிக் தகட்டைப் பிய்த்தெடுத்தார். மட்கார்டின் விளிம்பைச் சுத்தியலால் உள்பக்கமாக அடித்து மடக்கினார். ஒவ்வொரு அடிக்கும் சிவப்புப் பெயின்ட் செதில் செதிலாக உதிர்ந்தது. அதைப் பார்க்க எனக்கே கஷ்டமாக இருந்தது. அப்பா பீடி பிடித்துக்கொண்டு நின்றார். அந்த மலைச்சாலையில் எத்தனையோ வருடம் ஜீப் ஓட்டியவர், ஒரு சக்கரத்தைத் தூரத்தில் பார்த்தே இது மேட்டில் குலுங்கினால் எங்கே இடிக்கும் என்று சொல்லக்கூடியவர், அன்றைக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. நிற்கிற வண்டியில் ஸ்டீயரிங் இரண்டு பக்கமும் நன்றாகத்தான் திரும்பியது. நாலு எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்தடியில் வைத்து நசுக்கினோம். காலையில் வெயிலுக்கு முன்னால் ஏறிவிடுகிறேன் என்றார் மாமா. நாங்கள் ஜீப்பில் திரும்பிவிட்டோம்.

வெள்ளிக்கிழமை கோயில் வாசலில் நின்று நான் சாலையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அத்தையும் பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னும் கொஞ்சம் பார்க்கலாம் என்று அம்மா கெஞ்சினாள். நல்ல நேரம் முடியப் போகிறது என்று அப்பா சொன்னார். கடைசியில் அம்மாவின் சித்தப்பா மகன் ஒருவரை மணையில் உட்கார வைத்து, அவர் மடியில் என்னைக் கிடத்தி இரண்டு காதையும் குத்திவிட்டார்கள். சபையில் அவர் ஒரு ஆட்டுக்குட்டி கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள்.

பந்தி நடக்கும்போது மாமா குறுக்குப் பாதையில் நடந்து வந்தார். கையெல்லாம் கரி, சட்டை முள்ளில் கிழிந்திருந்தது. இரண்டாவது கொண்டை ஊசி வளைவிலேயே டயர் மட்கார்டில் அறுபட்டுக் கார் நின்றுவிட்டதாம். அவர் என் காதைப் பார்த்தார். பிறகு கீழே உட்கார்ந்து, எல்லாம் முடிந்த பிறகும் என்னைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். நான் அழப் போகிறேன் என்று நினைத்தாரோ என்னவோ, என் தலையைத் தடவினார்.

“நீ கேட்ட டயரும்மா அது. கிழிஞ்சா இன்னா, மாமனுக்கு வருத்தமில்ல.”

என் மேல் பழி வந்துவிட்டதே என்று எனக்குத் துணுக்கென்றது. அதைத் துடைத்துவிட வேண்டும் போல இருந்தது.

“நான் கேக்கல மாமா. அப்பாதான் கேக்கச் சொன்னாரு.”

என் தலையில் இருந்த கை நின்றது. மாமா பந்தியில் உட்கார்ந்திருந்த அப்பாவைப் பார்த்தார். அப்பா இலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தண்ணீர் கொண்டுவந்த அத்தை செம்பை அப்படியே தரையில் வைத்துவிட்டு உள்ளே போனாள். பரிமாறிக்கொண்டிருந்த அம்மா பாதியில் கரண்டியோடு நின்றாள். உண்மையைச் சொன்னதற்கு யாராவது என்னை மெச்சுவார்கள் என்று நான் ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன்.

மாமா சாப்பிடவில்லை. எனக்கென்று வாங்கிவந்த தோட்டை அம்மா கையில் கொடுத்துவிட்டு, வந்த பாதையிலேயே இறங்கிப் போனார். அடுத்த தையில் அத்தை ஜமுனாமரத்தூருக்கு வாழப் போனாள். அப்பா முட்டி தேயும்வரை அதே ஜீப்பை ஓட்டினார். அப்பா கெட்டவர் இல்லை. அந்த ஜீப்தான் எங்களுக்குச் சோறு போட்டது, அந்தச் சோற்றில்தான் நானும் வளர்ந்தேன். இதை யோசித்து யோசித்து எனக்குக் களைத்துவிட்டது. அவரிடம் கேட்டதில்லை, இனிமேலும் கேட்க மாட்டேன்.

அன்று சாயந்திரம் அத்தை என்னைப் பக்கத்தில் உட்கார வைத்து, காதுக்கு மஞ்சளும் எண்ணெயும் குழைத்துப் போட்டாள். அவள் கண்ணிலிருந்து தண்ணீர் ஒழுகிக்கொண்டே இருந்தது. துடைக்கவும் இல்லை. எனக்குப் பாவமாக இருந்தது. அவள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, பெரிய மனுஷி போலச் சொன்னேன்.

“அழாத அத்த. எனக்கு வலிக்கவேயில்ல.”