நடுவில் நுழைந்த ண

மரக்கடைக்காரருக்கு நான் நாற்பது ரூபாய் பாக்கி. பெயர்ப்பலகை எழுத வாங்கிய முன்பணம்.

மூன்றாம் வகுப்போடு நின்றவன் நான். இன்று என் பட்டறையில் பதினோரு பேர் போர்டு எழுதுகிறார்கள். என் எழுத்துக்குப் பக்கத்தில் ஒருத்தனும் நிற்க முடியாது. ஆனால் அந்தக் கடைப் பலகையை எழுதிய அன்று, காலையில் மரண அறிவிப்பு எழுதிய அதே கை, மத்தியானம் 'மரக்கடை'யை 'மரணக்கடை' என்று எழுதிவிட்டது. தெருவே சிரித்தது. ஏணியைக்கூட எடுக்காமல் ஓடிவந்துவிட்டேன். அந்த மாதமே அவர் செத்துப்போனார்.

என் எழுத்துதான் அவரைக் கொண்டுபோனது என்றே நினைத்தேன். முப்பது வருஷம், எந்தப் பலகையில் 'ண' எழுதினாலும் அவர் பின்னால் நின்று பார்ப்பது போலிருக்கும்.

போன வாரம் அவர் மனைவியைத் தேடிப்போய் எல்லாவற்றையும் சொன்னேன்.

"அந்த 'ண' தம்பி நீங்கதானா? டாக்டர் அதுக்கு முன்னாடியே கைவிரிச்சுட்டாருப்பா. இவரு போர்டைக் கழட்டவே விடலை. கடைசி நாள்ல, 'நம்ம கடைக்குத்தான்டி கிளம்புறேன்'னு சிரிச்சாரு."

எனக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தேன்.

"சிரிச்சது போதும், நாற்பதை எடுங்க" என்று கையை நீட்டினார்.

விரித்த உள்ளங்கையில் நாலு பத்து ரூபாய் நோட்டுகளை எண்ணி வைத்தேன். ஒவ்வொரு நோட்டுக்கும் என் பின்னால் யாரோ சேர்ந்து எண்ணினார்கள்.