குப்பை என்ற சொல் இல்லாத ஊர்

கதை எழுதும் தொழிலில் முதல் கஷ்டம், கை காலியாக இருக்காது என்பது. இதோ, இப்போதும் முருங்கைக்கீரை உருவிக்கொண்டேதான் எழுதுகிறேன். நாலு வரிக்கு ஒரு தரம் விரலைப் புடவையில் துடைத்துக்கொள்கிறேன். அடுப்படியில் உட்கார்ந்து எழுதுகிற சகோதரிகளுக்கு இது புதிதில்லை. நான் ஐந்தாவதுவரை படித்தவள். நாலு பேர் எதிரில் வாய் திறக்க வராது. அதனாலேயே எழுத வந்தேன்.

பாதிச் செய்தி

மந்தைவெளியில் என் மகளுக்கு வாங்கின வேர்க்கடலைப் பொட்டலத்தைப் பிரித்தால் உள்ளே ஒரு செய்தி. எங்கேயோ ஒரு தேசத்தில் ஒரு கூட்டம் சேர்ந்து வாழ்கிறதாம். குளித்த தண்ணீர் வாழைக்கு, வாழைச் சருகு மண்ணுக்கு, காய்த் தோல் கோழிக்கு, கோழி எச்சம் மறுபடி காய்க்கு. ஒன்று கழித்தது இன்னொன்றுக்குச் சாப்பாடு. எதுவும் வீணில்லை. அந்த இடத்தில் காகிதம் கிழிந்திருந்தது. மீதியைத் தெரிந்துகொள்ள வழியில்லாமல் நானே எழுத ஆரம்பித்தேன்.

எழுத எழுத ஊர் வளர்ந்தது. ரங்கநாதன் தெரு முழுக்கப் புடலைப் பந்தல். ஜனங்கள் பச்சை வெளிச்சத்தில் மெதுவாக நடக்கிறார்கள். அடையாற்றில் வாத்துகள். பஸ் ஸ்டாப்பில் நிற்கிறவர் கையை உயர்த்தினால் கொய்யா. பாண்டி பஜாரில் என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்த மகள் கேட்டாள்: "அம்மா, மேலே என்னம்மா பாக்கறே? ஒண்ணுமே இல்லியே?"

திட்ட வார்த்தை இல்லை

எதுவும் வீணாகாத ஊரில் குப்பை என்ற சொல்லே இருக்காது என்று எழுதியிருந்தேன். பக்கத்துப் போர்ஷன் சரோஜா அக்காவுக்கு, துவைக்கிற கல்லருகே நின்று, மெல்லப் படித்துக் காட்டினேன். அக்கா துணியை அடிப்பதையே நிறுத்திவிட்டாள். "இன்னா நீ, குப்பையும் இல்ல, சாக்கடையும் இல்லன்னா அந்த ஊர்ல பொம்பளைங்க எத்த சொல்லி சண்ட போட்டுக்குவாங்க?"

வில்லன் தேவை

தி.நகரில் எஸ்.டி.டி. பூத்துக்கு மேல்மாடியில் இருந்த ஒரு வாரப் பத்திரிகை ஆபீசுக்குக் கதையை நானே கொண்டுபோனேன். என் ஊரை அச்சில் பார்த்துவிட வேண்டும், அது ஒன்றுதான் ஆசை. கண்ணை மூடினால் அந்தப் பக்கமே தெரியும். உதவி ஆசிரியர் நின்றபடியே படித்தார். தப்பாக ஒன்றும் சொல்லவில்லை. "நல்லாத்தான் இருக்கும்மா. ஆனா எல்லாரும் நல்லவங்களா இருந்தா கதை எப்படி நகரும்? ஒரு வில்லனைப் போட்டுக் கொண்டாங்க, போட்டுடலாம்."

மாமியின் மனு

வில்லனுக்கு எங்கே போவேன்? கொல்லையில் பூப்பறிக்க வந்த வீட்டுக்கார மாமியிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். மாமிக்கு ஒரே குஷி. "என்னையே போட்டுக்கோயேண்டி! கொல்லை பூரா சிமெண்ட் பூசணும்னு நான்தானே சொல்லிண்டிருக்கேன்!"

அப்படியே எழுதினேன். பந்தலையெல்லாம் பிரித்துப்போட்டு, மண் தெரியாமல் சிமெண்ட் பூச ஒரு அம்மாள் வருகிறாள். படித்துக் காட்டியபோது மாமி சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். உள்ளே போகிற போக்கில் திரும்பி, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "கடைசியில நேக்கும் அந்த ஊர்ல ஒரு ரூம் குடுத்துடுடி."

வெளியே எங்கே?

உதவி ஆசிரியருக்கு வில்லியைப் பிடித்துவிட்டது. "கடைசியில ஊர் கூடி அந்தம்மாவை வெளியே துரத்திடணும். ஒரு வரிதான். இங்கேயே எழுதிக் குடுங்க, அடுத்த வாரமே வந்துடும்" என்று பேனாவை நீட்டினார்.

வாங்கிக்கொண்டேன். ஒரு வரி எழுதினால் என் ஊர் அச்சில். விரல் நகரவில்லை. அப்புறம் கேட்டது என் குரல்தானா என்று எனக்கே சந்தேகம்: "அந்த ஊர்ல எதையும் வெளியே போடறதில்லைங்க சார்."

அவர் பேனாவைத் திரும்ப வாங்கிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார். தாள்களைத் தட்டி அடுக்கி என் கையில் கொடுத்தார். "அப்ப அந்த ஊருக்கு எங்க புத்தகத்துல இடமில்லேம்மா."

ஆக, சகோதரிகளே, இந்தத் தொழிலில் நான் கண்டது இதுதான்: ஒரு ஊரையே உட்கார்ந்த இடத்தில் கட்டிவிடலாம், ஆனால் யாரையும் போ என்று சொல்ல வராதவள் அதை அச்சில் பார்க்க... "ஏண்டி, மழை வரது, கொடியில துணி!" மாமிதான் கூப்பிடுகிறார், அந்த ஊரில் அவருடைய ரூமுக்கு ஜன்னல் எந்தப் பக்கம் என்று நான் இன்னும்