தும்மலில் விழுந்த படம்

சித்தப்பாவின் காமிராவில் ஃப்ளாஷ் எரியாது. மண்ணூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் அவர் ஷிஃப்டு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். ஊர் மாற்றிக்கொண்டு போன சூப்பர்வைசர் ஒருவர் அதை அவர் தலையில் கட்டிவிட்டிருந்தார். தொண்ணூற்று ஒன்றாம் வருடம், எனக்கு ஒன்பது வயது. ஃப்ளாஷ் இல்லாவிட்டால் என்ன, இருட்டறையில் காமிராவின் கண்ணைத் திறந்தே வைத்து, டார்ச் வெளிச்சத்தால் வேண்டிய இடத்தை மட்டும் பூசிப் பூசிப் படம் எடுக்கலாம் என்று அவர் ஏதோ பத்திரிகையில் படித்துவிட்டார். படித்ததோடு விட்டிருந்தால் அவர் சித்தப்பாவே இல்லை.

எங்கள் வீட்டில் நெல் மூட்டை போடும் அறைக்கு ஜன்னல் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் அதுதான் எங்கள் ஸ்டுடியோ. உரல் மேல் நெல் அளக்கும் மரக்கால், மரக்கால் மேல் காமிரா. படம் முடியும்வரை பொத்தானை அவர் அழுத்திப் பிடித்திருக்க வேண்டும், விட்டால் கண் மூடிக்கொள்ளும். அதனால் டார்ச் என் கைக்கு வந்தது.

முதல் ஃபிலிம் சுருளைக் கழுவித் தூக்கிப் பிடித்துப் பார்த்த வாலாஜாபாத் ஸ்டுடியோக்காரர், இதில் பிரிண்ட் போட ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார். ஓட்டு இடுக்கில் வந்த வெயில் எல்லாவற்றையும் தின்றிருந்தது. கூரைக்கடியில் சாக்குகளைக் கட்டினோம். அடுத்த சுருளில் மூட்டைகளுக்கு நடுவே கொழுத்த வெள்ளைப் புழு ஒன்று நெளிந்தது. நான் டார்ச்சைக் காமிராவின் பக்கமே திருப்பியிருக்கிறேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், சித்தப்பா ஃபிலிம் கம்பெனியைத் திட்டினார். டார்ச் முகத்தில் பட்டத் தாளை ஒட்டினோம். சுண்ணாம்பு அடிக்கிற மாதிரி கையை மேலும் கீழும் ஓட்டிக்கொண்டே இருக்க வேண்டும், ஒரே இடத்தில் நிறுத்தினால் வெளுத்துவிடும் என்று ஒரு பூசணிக்காயை வைத்துக் கற்றுக்கொண்டேன். சித்தப்பா இருபது வரை எண்ணுவார், அதுவும் கண்ணை மூடிக்கொண்டு. திறந்தால் கணக்குத் தப்பிவிடுமாம். வீட்டுப் பூனைக்கு மூன்று தலை விழுந்த பிறகு, அசைகிற எதையும் எடுப்பதில்லை என்று முடிவானது.

அந்தச் சமயத்தில்தான் கல்யாணத் தரகர், அத்தையின் போட்டோ ஒன்று கேட்டார்.

அத்தை அப்பாவுக்கு நேர் இளையவள். சின்ன வயதில் பம்ப் ஸ்டவ் வெடித்ததில் இடது கன்னம் முழுக்கத் தழும்பு. முந்தைய வருடம் ஸ்டுடியோவில் எடுத்த படத்தில் தழும்பே தெரியாதபடி டச்சப் செய்து கொடுத்திருந்தார்கள். அதை நம்பி காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் கேசரியும் பஜ்ஜியும் சாப்பிட்டார்கள். பையனின் அம்மா பையிலிருந்து படத்தை எடுத்தாள். படத்தை ஒரு தரம், அத்தையை ஒரு தரம் என்று மாற்றி மாற்றிப் பார்த்தாள். அத்தை தட்டோடு நின்றுகொண்டே இருந்தாள். கடிதம் போடுகிறோம் என்று சொல்லிப் போனவர்கள் போடவில்லை. அதிலிருந்து போட்டோ என்றாலே அத்தை எழுந்து போய்விடுவாள்.

சித்தப்பாவுக்கு யோசனை உதித்தது. வலது கன்னத்தை மட்டும் பூசினால் இடது பக்கம் இருட்டில் நிற்கும், பார்க்கவும் அழகாக இருக்கும். அப்பா கொஞ்ச நேரம் தாடையைத் தடவிவிட்டுத் தலையாட்டினார்.

"பொய் சொன்னாத்தானே தப்பு. பாதிய காட்டுறது தப்பு இல்ல."

அத்தை இந்தத் தடவை எழுந்து போகவில்லை, வந்து முக்காலியில் உட்கார்ந்தாள். சுருளில் மூன்றே படம் மிச்சம். சித்தப்பா எச்சரித்தார். "மூச்சு வுடலாம், தல ஆடக்கூடாது. ஆடுனா அவ்ளோதான்."

முதல் இரண்டும் ஒழுங்காக முடிந்தன. மூன்றாவதில், பதின்மூன்று எண்ணும்போது சாக்குத் தூசி மூக்கில் ஏறி நான் தும்மிவிட்டேன். நிமிர்ந்தால் வெளிச்சம் அத்தையின் இடது கன்னத்தில் நிற்கிறது. பயத்தில் எனக்கு வேறொன்றும் தோன்றவில்லை. பழகிய கை மட்டும் அங்கேயே மேலும் கீழும் ஓடிக்கொண்டிருந்தது. சித்தப்பா கண்ணைத் திறக்காமல் இருபது வரை எண்ணி முடித்தார்.

வெளியே வந்ததும் பாவாடையைக் கசக்கிக்கொண்டு அத்தையிடம் நடந்ததைச் சொன்னேன்.

"தெரியும். வாய மூடிக்கினு இரு," என்றாள்.

படங்கள் வந்தன. இரண்டில் அத்தை பாதி நிலா போல அழகாக இருந்தாள். மூன்றாவதில் முழு முகம், தழும்போடு. அப்பா முதல் படத்தை எடுத்து அத்தையிடம் கொடுத்து, கவரில் விலாசம் எழுதி ஒட்டச் சொன்னார். வீட்டில் அவள் கையெழுத்துதான் முத்து முத்தாக இருக்கும். அவள் அதை மேஜையில் வைத்துவிட்டு மூன்றாவதைக் கவருக்குள் போட்டதை நான் பார்த்தேன். மாற்றிப் போட்டுவிட்டாளே, அப்பாவுக்குத் தெரிந்தால் திட்டுவாரே என்று பயந்தேன். வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

பதில் வரவில்லை. அப்பா தரகரைத் திட்டினார். அத்தை நெகட்டிவை எடுத்துக்கொண்டு, இன்னும் பிரிண்ட் போட்டுவரத் தானே வாலாஜாபாத் பஸ் ஏறினாள். அடுத்தடுத்துப் போன மூன்று கவருக்கும் பதில் இல்லை. ஐந்தாவதற்கு, சிங்கப்பெருமாள் கோவில் ஊரிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் நேரிலேயே வந்து நின்றார்கள். பையனின் அம்மா பையைத் திறந்து படத்தை எடுத்தபோது நான் கதவுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டேன்.

"போட்டோல பாத்த மாரியே கீது பொண்ணு," என்றாள் அந்த அம்மா, பஜ்ஜியை எடுத்துக்கொண்டே.

அத்தைக்கு என் தும்மல்தான் கல்யாணம் செய்துவைத்தது என்று வெகுகாலம் பெருமையடித்துக்கொண்டு திரிந்தேன். போன வருடம் அத்தை வீட்டுக்குப் போயிருந்தபோது, பழைய ஆல்பத்தில் அந்தப் படத்தைப் பார்த்தேன். தழும்பின் ஒவ்வொரு சுருக்கமும் கொஞ்சம்கூடக் கலங்காமல் விழுந்திருந்தது. கன்னத்தில் வெளிச்சம் பட்டதுமே அத்தைக்குத் தெரிந்திருக்கும், அன்றைக்கே தெரியும் என்றாளே. தலையை ஒரு தரம் ஆட்டியிருந்தால் போதும், பூனையின் படம் போல அதுவும் கெட்டிருக்கும். பதின்மூன்றிலிருந்து இருபது வரை அத்தை அசையவே இல்லை.