மேசை விளிம்பில் காசு

நெவில் ட்ரெவார்த்தா வாழ்நாளில் ஒரு போட்டியிலும் கலந்துகொண்டதில்லை. தென் ஆஸ்திரேலியாவில் வாலரூ துறைமுகத்தின் கோதுமைக் கிடங்கில் வேலை பார்த்த காலத்திலும் சரி, ஓய்வு பெற்ற பிறகும் சரி, சாயங்காலம் ஆனால் பப்புக்குள் நுழைவார். குச்சியால் பந்தைக் குழியில் தள்ளும் பூல் மேசையில் பந்துகளைத் தனக்குப் பிடித்தபடி வைத்துக்கொண்டு, தனியாக, அடித்த அடியையே திரும்பத் திரும்ப அடிப்பார். வெள்ளைப் பந்து நினைத்த இடத்தில் போய் நிற்க வேண்டும், அவ்வளவுதான். பிறகு ஜன்னலோரம் உட்கார்ந்து, இறைச்சி அடைத்த பேஸ்டியைக் கடித்துக்கொண்டே பழைய நண்பர் ரெக்ஸ் போல்கிங்ஹார்னோடு சதுரங்கம். யார் எத்தனை ஆட்டம் ஜெயித்தார்கள் என்று இருவரும் கணக்கு வைத்ததில்லை. ஆனால் விட்டுக்கொடுத்ததும் இல்லை. ராணி போனால் போனதுதான்.

இதில் ஊருக்கு என்ன நஷ்டம்? ஆனால் கிளின்ட்டுக்குப் பொறுக்கவில்லை. லாரி ஓட்டுகிறவன், பப்பின் பூல் அணிக்குத் தலைவன், வாய் கொஞ்சம் நீளம். அணியில் ஓர் ஆள் குறைந்தது.

"பெரிசு, சனிக்கிழமை பக்கத்து ஊரு கடினாக்காரனுங்களோட ஆட்டம். உன் பேர எழுதிட்டேன்."

"யார கேட்டுடா எழுதின?"

"சும்மா தனியா அடிச்சு என்னத்தக் கண்ட? மனுஷனோட ஆட பயமா?"

"உன் மூஞ்சியப் பாத்துக்கிட்டு ஆடறதுக்கு, சுவத்தோட ஆடலாம். பேர அழி."

பெயரை அழித்தான். ஆனால் சும்மா விடவில்லை. அந்தப் பக்கத்துப் பப்புகளில் ஒரு வழக்கம் உண்டு. மேசை விளிம்பில் ஒருவன் காசு வைத்துவிட்டால் அடுத்த ஆட்டம் அவனுடையது. தனியாகப் பழகுகிறவன் உடனே ஒதுங்க வேண்டும். இரண்டு பேர் ஆடினால் ஜெயித்தவன் அடுத்த ஆட்டத்துக்கும் நிற்பான். மறுநாள் நெவில் குச்சியை எடுத்ததும் கிளின்ட் காசு வைத்தான். அவன் ஆடி முடித்ததும் அவன் கூட்டாளி வைத்தான். பிறகு இன்னொருவன். வேண்டுமென்றே ஆமை வேகத்தில் ஆடினார்கள். வாரம் முழுக்க இதே கூத்து. ஒரு கிழவரின் ஒரே சந்தோஷத்தை வழக்கத்தின் பெயரால் பிடுங்குவதில் என்ன வீரமோ!  சதுரங்கத்திலும் நெவிலுக்குக் குதிரையை எங்கே வைத்தோம் என்பது மறந்துபோனது.

வெள்ளிக்கிழமை அவர் ஒதுங்கவில்லை.

"காசு வச்சவன் வா," என்றார். "ஜெயிச்சவன்தான நிப்பான்? நான் நிக்கிறேன்."

முதல் ஆளை வீட்டுக்கு அனுப்பினார். இரண்டாவது ஆளையும் அப்படியே. கூட்டம் சேர்ந்தது. பந்துகள் குழியில் விழும் சத்தம் ஒவ்வொன்றும் கன்னத்தில் விழும் அறை மாதிரி இருந்தது. அடுத்து கிளின்ட்டின் காசு. அதற்கு முன்னால் ரெக்ஸ் எழுந்து வந்து தன் காசை வைத்தார்.

"தள்ளுடா கிளின்ட், இவனுக்கு மூச்சு வாங்குது. ஒரு ஆட்டமாவது நிம்மதியா ஆடட்டும்."

ரெக்ஸ் குச்சியையே சரியாகப் பிடிக்கத் தெரியாதவர். நண்பனுக்கு ஓய்வு கொடுப்பதாக நினைத்தார். ஆனால் நெவிலுக்கு யார் எதிரே நிற்கிறார்கள் என்பதே கண்ணில் படவில்லை. கோபம் கண்ணை மறைத்தது. தன் பங்குச் சிவப்புப் பந்துகள் ஏழையும் உள்ளே தள்ளினார். கடைசிக் கறுப்பு, குழிவாயில் நின்றது. அது விழுந்தால் ஆட்டம் முடிந்தது.

அப்போதுதான் கிளின்ட் ஆரம்பித்தான்: "கால்சட்டை! கால்சட்டை!" கூட்டமும் மேசையைத் தட்டிக்கொண்டு சேர்ந்து கத்தியது.

நெவில் நிமிர்ந்து பார்த்தார். ரெக்ஸின் மஞ்சள் பந்துகள் ஒன்றுகூடக் குறையாமல் மேசையில் கிடந்தன. ஒரு பந்தும் போடாமல் தோற்றவன் கால்சட்டையை இறக்கிக்கொண்டு மேசையைச் சுற்ற வேண்டும். அதுவும் இந்தப் பப்பின் வழக்கம்தான். ரெக்ஸுக்குக் குடலில் அறுவை சிகிச்சை ஆனதிலிருந்து இடுப்போரம் ஒரு பை ஒட்டியிருக்கிறது. மலம் அதில்தான் இறங்கும். அடிலெய்டு ஆஸ்பத்திரியிலிருந்து காரில் அழைத்து வந்த நெவிலைத் தவிர அங்கே யாருக்கும் அது தெரியாது.

நெவில் குனிந்தார். அடித்தார். கறுப்புப் பந்து ஓரத்தில் பட்டு விலகி ஓடியது.

கூட்டம் உச்சுக் கொட்டியது. ரெக்ஸ் மட்டும் குச்சியைச் சுவரில் சாய்த்தார். முகம் சிவந்திருந்தது.

"ஏன்டா விட்ட?"

"தவறிடுச்சு."

"பொய் சொல்லாத. முப்பது வருஷமா சதுரங்கத்துல உங்கிட்ட தோத்திருக்கேன், ஒரு தடவ இரக்கம் காட்டினியா? அதனாலதான்டா உன்னோட ஆடினேன். இப்ப என்ன புதுசா? செத்தவனப் பாக்குற மாதிரி என்னப் பாக்குற?"

கறுப்பை எடுத்துக் குழிவாயில் பழையபடி வைத்தார். வெள்ளையையும் இருந்த இடத்தில் வைத்தார். "ஒழுங்கா அடி."

"ரெக்ஸ், வேணாம்டா."

"அடிடா!"

நெவில் அடித்தார். கறுப்பு விழுந்தது.

ரெக்ஸ் பெல்ட்டை அவிழ்த்தார். கால்சட்டை இறங்கியதும் சிரிப்பு அறுந்தது. பை தெரிந்தது. அவர் ஒரு கையால் மேசையைப் பிடித்துக்கொண்டு, அவசரமே இல்லாமல், ஒரு சுற்று முழுசாகச் சுற்றினார்.

"சுத்தி முடிச்சா கை தட்டுவீங்கல்ல?" நெவில் கத்தினார். "எங்கடா சத்தத்தையே காணோம்? தட்டுங்கடா! கால்சட்டைன்னு கத்துன வாயில இப்ப என்ன கொழுக்கட்டையா?"

யாரும் தட்டவில்லை. கிளின்ட் விளிம்பில் இருந்த தன் காசை எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, தலை நிமிராமல் வெளியே போனான். மற்றவர்களும் ஒவ்வொருவராக நழுவினார்கள்.

ரெக்ஸ் பெல்ட்டை இறுக்கிக்கொண்டார்.

"கத்தாதடா. இப்ப எவனும் காசு வைக்க மாட்டான். போய்ப் பழகு."

நெவில் பந்துகளை அடுக்கினார். வருஷக்கணக்காக அடித்துப் பழகிய, கண்ணை மூடிக்கொண்டும் அடிக்கக்கூடிய அடி அது. குனிந்தார். அடித்தார். இந்த முறை நிஜமாகவே தவறியது.