பொட்டு வைத்த இரண்டு ஹார்ட் டிஸ்க்குகள்

ஆயுத பூஜையன்று காலை பத்து நாற்பதுக்கு, என் கணவரின் அக்கா திருப்புலிவனத்திலிருந்து ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். அவர் கைப்பையில் என் மகளின் இரண்டாவது ஹார்ட் டிஸ்க் இருந்தது. கேடு அந்த நிமிடம் தொடங்கியது.

மகள் ஏரிப் பறவைகளின் குரலை ஆராய்கிறாள். இரண்டு மழைக்காலம் விடியலில் கரையில் நின்று பதிவு செய்தவை, மறுபடி கிடைக்காதவை. லேப்டாப் திணறியதால் அதிலிருந்ததை அழித்துவிட்டு, முழுவதையும் இரண்டு டிஸ்க்குகளில் ஏற்றியிருந்தாள். ஒன்று எங்கள் பீரோவில், அதன் நகல் அத்தை வீட்டில். இரண்டும் ஒரே வீட்டில் இருக்கவே கூடாது என்று சொல்லியிருந்தாள். சின்னக் குழந்தைக்கும் புரியும். இந்த அக்காவுக்கும் தம்பிக்கும் புரியவில்லை.

"ஆயுதத்த பிரிச்சி வெச்சா பூஜ முழுசாவாது," என்றார் நாத்தனார்.

"அவளுக்கு இதானே ஆயுதம்? அக்கா சொல்றது கரெக்ட்டு," என்றார் கணவர். அக்கா பூசணிக்காயைப் பூனை என்றாலும் அவருக்கு அது கரெக்ட்டுதான்.

"அண்ணி, அதுல தண்ணி படக்கூடாது."

"எங்க வூட்டு கிரைண்டருக்குந்தான் வருஷா வருஷம் தெளிக்கறேன். ஓடிக்கினு தானே கீது?"

கிரைண்டராம்! அரிவாள்மணைக்கும் ஸ்பேனருக்கும் நடுவில் இரண்டு டிஸ்க்குகளும் உட்கார்ந்தன. கேபிள் சொருகும் வாய் அடையும்படி சந்தனம், அதன்மேல் குங்குமம். பிறகு மாவிலையால் மஞ்சள் நீர், நாற்றுக்குத் தெளிப்பதுபோல. நான் சுண்டல் கரண்டியுடன் நின்று பார்த்தேன். பிடுங்கியிருக்கலாம். பூஜை நேரத்தில் சண்டை எதற்கு என்று இருந்துவிட்டேன்.

"பாரு, ஒண்ணும் ஆவல," என்று நிரூபிக்க, கணவர் ஒன்றை வேட்டி நுனியால் துடைத்து லேப்டாப்பில் சொருகினார். டிஸ்க்கின் சின்ன விளக்கு ஒருமுறை மின்னியது. கருகிய வாடை. அவ்வளவுதான். உடனே அடுத்ததற்குக் கை நீட்டினார், மேதை. நான் பாய்ந்து பிடுங்கி மடியில் வைத்துக்கொண்டேன்.

"இன்னாத்துக்கு இப்போ பேஜார் பண்ற?"

"அரிசில போட்டு வையேம்மா, ஈரத்த இஸ்துக்கும்," என்றார் நாத்தனார்.

"பொங்கியே போட்டுடட்டுமா அண்ணி?"

சென்னையிலிருந்த மகளுக்கு போன் செய்து சொன்னேன்.

மாலை நான்கு மணிக்குச் சென்னை பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. கருகியதை முகர்ந்து பார்த்துக் கீழே வைத்தாள். என் மடியிலிருந்ததை எடுத்தாள்.

"இத சொருகலையே?"

"இல்ல."

"அப்போ பொழைக்க சான்ஸ் இருக்கு. தெரிஞ்சவங்க கிட்ட குடுத்துப் பாக்கறேன். அதுவரைக்கும் யாரும் கிட்ட வராதீங்க."

அப்பாவையும் அத்தையையும் தாண்டி என்னைப் பார்த்தாள்.

"நீயும்தாம்மா."